கித்தான் கூரைக்கு மெழுகும் பெட்ரோலும் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் இணைப்பில், வேனுக்குள்ளேயே படுக்கையும் அடுப்பும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. நன்றாக எழுதியிருந்தீர்கள். அதன் அடியில் கட்டம் கட்டி ஒரு மழைக்காலக் குறிப்பும் இருந்தது. வேனின் தூக்கித் திறக்கும் மேல்கூரையில் இருக்கும் கித்தான், அதாவது கேன்வாஸ் துணி, ஒழுகினால், நாலைந்து மெழுகுவத்தியைச் சீவி பெட்ரோலில் ஊறவைத்துக் கரைத்து, பிரஷ்ஷால் இரண்டு முறை பூசினால் சொட்டுத் தண்ணீர் இறங்காது என்று அதில் போட்டிருந்தீர்கள். தயவுசெய்து அந்தக் குறிப்பைத் திருத்தி, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் மறுபடி போடுங்கள். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பக்கத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டியவர் வேன் வைத்திருப்பவர் இல்லை. எங்கள் தெருமுனையில் சாயங்காலம் அத்தோ வண்டி போடும் பெண். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் சாப்பாடு அது. வடசென்னையில் இன்றைக்கும் தள்ளுவண்டியில் கலந்து தருவார்கள், பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டே இருக்கும். அவர் வண்டியில் அடுப்பிலிருந்து இரண்டு முழம் மேலே கித்தான் படுதா. "அக்கா, பேப்பர்லயே போட்டிருக்காங்க. நம்ம வண்டிப் படுதாவுக்கும் இதையே பூசிக் குடு. பெட்ரோல் நானே வாங்கியாறேன்" என்றார். எனக்குக் கை வெலவெலத்துவிட்டது. கூரை தூக்கும் வேன் வடசென்னையில் எத்தனை இருக்கப் போகிறது? ஆனால் அடுப்புக்கு மேல் படுதா கட்டிய வண்டி தெருவுக்கு நாலு நிற்கிறது. அவர்களும் உங்கள் பேப்பரைத்தான் படிக்கிறார்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ராயபுரம் ரயில் நிலையத்துக்கும் காசிமேட்டுக்கும் நடுவில் ஒரு சந்தில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கிறேன். முன்பக்கம் பத்தடி அகலம். உள்ளே கனத்த துணி தைக்கிற மெஷின் இரண்டு, தரையில் துணி விரிக்க இடம். என் கணவர் சர்க்கஸ் கூடாரம் தைத்துப் பழகியவர். 1987-ல் கல்யாணமாகி வந்த புதிதில் நான் படுதாவுக்கு ஐலெட் (கயிறு கோக்கிற உலோக வளையம்) அடித்துக் கொடுப்பேன், அப்புறம் மெஷினில் உட்கார்ந்தேன். அவர் போனபிறகு 11 வருடமாக நானே நடத்துகிறேன். என் அப்பா பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். அந்த மில்லின் காக்கித் துணி ஊரறிந்தது. துணியை இரண்டு விரலால் தேய்த்தே நெருக்க நெசவா, தளர் நெசவா என்று அப்பா சொல்லிவிடுவார், அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அம்மாவைப் பெற்ற தாத்தா காசிமேட்டுக் கடலில் கட்டுமரத்தில் பாய் விரித்தவர். துணியையும் தண்ணீரையும் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

போன வருடம் புரட்டாசியில் ஒரு தம்பியும் அவர் மனைவியும் வேனோடு எங்கள் சந்து முனையில் வந்து நின்றார்கள். டிராவலர் வண்டி. கூரையை நீளவாக்கில் வெட்டி ஃபைபர் மூடி போட்டிருந்தார்கள். பின்பக்கம் கீல் இருக்கிறது, முன்பக்கத்தைத் தூக்கினால் மூன்று பக்கமும் கித்தான் துருத்தி மாதிரி விரிகிறது. உள்ளே பலகை போட்டு மெத்தை, இரண்டு பேர் படுக்கலாம். பக்கத்துக்கு ஒரு ஜன்னல், கொசுவலை, ஜிப். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. லாரிக்கும் படகுக்கும் கல்யாணப் பந்தலுக்கும் எத்தனையோ தைத்திருக்கிறேன், தினமும் மடித்து தினமும் விரிக்கிற கூரையை அதற்கு முன் தொட்டதில்லை.

பழவேற்காட்டில் ஏரிக்கரையோரம் வண்டியைப் போட்டுப் படுத்திருக்கிறார்கள். நடுராத்திரி மழை பிடித்துக்கொண்டு, கால்மாட்டில் மெத்தை நனைந்துவிட்டது. ஊருக்கு வந்ததும் யாரோ சொன்னதைக் கேட்டு மெழுகை மண்ணெண்ணெயில் கரைத்துப் பூசியிருக்கிறார்கள். அடுத்த மழைக்கும் ஒழுகியது. கூடவே, ராத்திரி படுத்தால் இரண்டு பேருக்கும் தலைவலி. வெயிலில் நிறுத்தினால் கித்தான் பிசுபிசுக்கிறது, மூடியை இறக்கினால் மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொள்கிறது. மெழுகு 50, 60 டிகிரியில் உருகிவிடும். சித்திரை வெயிலில் நிற்கும் வேனின் கூரை அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும். சாலைத் தூசியெல்லாம் அதில் அப்பி, சாம்பல் நிறத் துணி மண் நிறமாகியிருந்தது.

"எந்த இடத்துல ஒழுகுது தம்பி?" என்று கேட்டேன். "எல்லா இடத்துலயும்தாம்மா" என்றார். எனக்குத் தெரிந்து எந்தக் கூடாரமும் எல்லா இடத்திலும் ஒழுகியதில்லை. பூவாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நான் வெளியே ஸ்டூலில் ஏறினேன். கடைப் பையன் உள்ளே டார்ச் லைட்டும் சாக்பீஸும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கீழ்வரிசைத் தையலில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனேன். எடுத்த எடுப்பில் மேலிருந்து ஊற்றினால் தண்ணீர் வழிந்து எல்லாமே நனையும், ஓட்டை எது என்று தெரியாமல் போய்விடும். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம். பையன் எட்டு இடத்தில் கோடு போட்டான். அதில் ஆறு தையலில் இருந்தன. ஒன்று ஜன்னல் ஜிப்பின் கீழ்முனையில். இன்னொன்று கித்தானை மூடியோடு பிடித்திருக்கும் அலுமினியப் பட்டையின் ஸ்குரூ ஓட்டையில். துணியின் நடுவில், மெழுகு சரியாக எட்டாத உள்மடிப்பில்கூட, ஒரு சொட்டு கிடையாது. மெத்தை உரசுகிற இடத்தில் மட்டும் ஈரம் கசிந்திருந்தது.

நல்ல பருத்திக் கித்தான் நனைந்ததும் நூல் ஊதும். ஊதிய நூல்கள் நெருங்கிக்கொண்டு, இடையில் இருக்கிற சந்தை மூடிக்கொள்ளும். அதனால்தான் புதுக் கூடாரத்தை முதலில் இரண்டு மூன்று முறை நனைத்துக் காயவைத்து எடுப்போம். முதல் மழைக்கு லேசாகத் தூவும், மூன்றாவது மழைக்கு நின்றுவிடும். ஆனால் அது நனைந்திருக்கும்போது உள்பக்கம் கை பட்டாலோ மெத்தை உரசினாலோ அந்த இடத்தில் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். கூடாரத்தில் படுத்தவர்களுக்கு இது தெரியும். மெத்தையை நாலு விரல் தள்ளிப் போட்டால் தீர்ந்தது, காசு செலவில்லை.

தையல் அப்படி இல்லை. ஊசி இறங்கிய ஒவ்வொரு இடமும் ஓட்டைதான். இந்த வேனுக்குத் தைத்தவர் அங்குலத்துக்கு 12 தையல் போட்டிருந்தார், சட்டை தைப்பது மாதிரி. கனத்த துணியில் அப்படிப் போட்டால் தபால்தலை ஓரம் போலத் துளைகள் வரிசைகட்டி நிற்கும். நாங்கள் அங்குலத்துக்கு ஆறு போடுவோம். நூலும் நைலான் நூல். உறுதியான நூல்தான், ஆனால் நனைந்தால் துளையை அடைக்கிற அளவுக்கு ஊதாது. பருத்தி சுற்றிய பாலியஸ்டர் நூல் போட்டிருந்தால் அது ஊதி, தன் துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். இன்னொரு தவறும் இருந்தது. இரண்டு துண்டு சேருகிற இடத்தில் மேல்துண்டின் ஓரம் கீழ்த்துண்டின்மேல் ஏறி உட்கார வேண்டும், ஓடு வேய்கிற மாதிரி. ஒரு பக்கத்தில் இது தலைகீழாக இருந்தது. மழைத் தண்ணீர் நேராக மடிப்புக்குள் இறங்கித் தேங்கி, ஊசித்துளை வழியாக மெத்தையில் சொட்டியிருக்கிறது. வெளியே எத்தனை தடவை மெழுகு பூசினாலும் அந்த மடிப்புக்குள் போய்ச் சேராது.

சரி, அடுத்தது துணி என்ன துணி என்று தெரிய வேண்டும். மெழுகு படாத உள் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, வண்டியை விட்டுத் தள்ளி வந்து, தீக்குச்சியில் காட்டினேன். காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பல் பூப்போல உதிர்ந்தால் பருத்தி. சுருங்கி உருகி, கடுகு மாதிரி கெட்டியாக உருண்டால் பாலியஸ்டர். இவர்களுடையது கொஞ்சம் எரிந்து, சாம்பலுக்குள் கெட்டித் துணுக்கு நின்றது. இரண்டும் கலந்த நூல். துணி ஒரு பக்கம் ரெக்சின் மாதிரி வழவழவென்று இருந்தால் அது பி.வி.சி. பூசியது, மேலே எது பூசினாலும் குடிக்காது, தையலை மட்டும் அடைத்தால் போதும். உள்பூச்சு பிசுக்கென்று ஒட்டி, தோல் மாதிரி உரிந்தால் அந்தத் துணியின் ஆயுள் முடிந்தது, மாற்றித்தான் ஆக வேண்டும். இது தெரியாமல் கடையில் போய் ஏதோ ஒரு டப்பாவை வாங்குவது வீண்.

அந்தத் தம்பியின் மனைவி இன்னொன்று சொன்னார். "மெழுகு பூசறதுக்கு முன்னாடி அழுக்குப் போகட்டும்னு சோப்புத்தூள் போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவினோம்மா." கெட்டது. தண்ணீரைத் துணிக்குள் இழுத்துக்கொண்டு போவதுதான் சோப்பின் வேலை. எத்தனை அலசினாலும் கொஞ்சம் தங்கிவிடும், அது தங்கியிருக்கும்வரை துணி தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், தண்ணீர் ஒட்டாமல் இருக்கப் புதிதாகப் பூசுகிற மருந்தும் சரியாகப் பிடிக்காது. இயற்கையானது என்று சீயக்காயோ பூந்திக்கொட்டையோ போட்டாலும் இதே கதைதான், அவையும் நுரைப்பவை. காய்ந்த துணியை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும். பூசணம் பிடித்திருந்தால் வினிகரில் தண்ணீர் கலந்து துடைத்து வெயில் காட்ட வேண்டும். பிளீச்சிங் பவுடர் கறையோடு சேர்த்து நூலின் பலத்தையும் எடுத்துவிடும்.

எங்கள் பக்கம் கடல்காற்று வேறு. உப்புப் படிந்த துணி காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், காயவே காயாது. எண்ணூர், பழவேற்காடு என்று கடலோரம் போய்வந்தால் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்காமல் மூடியை இறக்கி வைக்காதீர்கள். மழையில் அவசரத்துக்கு ஈரத்தோடு மூடும்படி ஆகிவிட்டதா, வீட்டுக்கு வந்த அன்றைக்கே திறந்து போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் மூடிக் கிடந்தால் கறுப்புப் புள்ளி விழுந்துவிடும். அந்தக் கறையை முழுதாக எடுக்க என்னால் முடிந்ததே இல்லை.

அந்த வேனுக்கு நாங்கள் செய்த வேலையைச் சொல்கிறேன், உங்கள் திருத்தத்துக்கு உதவும். மெழுகு ஏறிய துண்டுகளைப் பிரித்து மொட்டைமாடியில் ஒரு வாரம் காற்றாடப் போட்டோம், மண்ணெண்ணெய் வாடை சுத்தமாகப் போகும்வரை. பிறகு மேலும் கீழும் பழுப்புத்தாள் வைத்து இஸ்திரி போட்டோம். தாள் மெழுகைக் குடித்தது. இருபது தாளுக்கு மேல் போனது. பக்கத்துண்டுகளில் மெழுகு குறைவு, அவை தேறின. முன்துண்டு தேறவில்லை. அதைப் புதுக் கித்தானில் வெட்டினேன். தலைகீழ் மடிப்பைப் பிரித்துத் திருப்பித் தைத்தேன், அங்குலத்துக்கு ஆறு. அலுமினியப் பட்டையைக் கழற்றி, ஸ்குரூ ஓட்டைகளில் சீலன்ட் என்கிற அடைப்புப் பசை வைத்து மறுபடி முடுக்கினோம். தையல் வரிசை நெடுக, உள்ளும் வெளியும், தையலுக்கென்று விற்கிற பிசினை மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து ஒரு நாள் விட்டோம்.

அதற்குப் பிறகுதான் துணிக்கு மருந்து. இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். சிலிகோன் ரக மருந்தை முதலில் பூசிவிட்டால், அதன்மேல் பிசினும் பிடிக்காது, ஒட்டுப்பட்டையும் நிற்காது. நான் தண்ணீரில் கரைத்துப் பூசுகிற ரகம் வாங்கினேன். அகலமான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக ஒரு பூச்சு, அது ஈரமாக இருக்கும்போதே இரண்டாவது. மடிப்போரத்தில் தேங்கியதை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தோம், விட்டால் வெள்ளைத் திட்டு விழும். பிளாஸ்டிக் ஜன்னல்மேல் காகிதம் ஒட்டி மறைத்துக்கொண்டோம். ஜிப் பல்லில் மட்டும் ஒரு மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டேன், அது வழுக்கி ஓடும். இரண்டு நாள் காய்ந்தபின் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். தாமரை இலையில் நிற்பதுபோல் முத்து முத்தாக நின்று உருண்டு இறங்கியது. துளி நிற்காமல் துணி கறுத்து நனைந்தால் இன்னொரு பூச்சு வேண்டும் என்று அர்த்தம்.

ஸ்பிரே டப்பாவை மூடிய வேனுக்குள் அடிக்காதீர்கள் என்றும் போடுங்கள். அந்தத் தூவல் நுரையீரலுக்குள் போனால் மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும். புளோரின் சேர்ந்த ரகங்களையும் நான் தொடுவதில்லை. அவை மண்ணிலும் தண்ணீரிலும் சிதையாமல் வருடக்கணக்கில் தங்குகின்றன, பல நாடுகளில் கைவிட்டு வருகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, படகும் வலையும் கறுத்துப் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். கூரையிலிருந்து மழையோடு கழுவிப் போகிற எதுவும் கடைசியில் இங்கேதான் வந்து சேருகிறது.

மார்கழியில் அந்தத் தம்பி ஏற்காட்டிலிருந்து போன் செய்தார். "மறுபடியும் உள்ளே ஈரம்மா." அங்கே மழை இல்லை என்றும் அவரே சொன்னார். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தாளை உள்பக்கக் கித்தானில் நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டச் சொன்னேன். காலையில் தாளின்மேல், படுத்தவர் பக்கம், துளி நின்றால் அது மூச்சின் ஈரம். தாளுக்குப் பின்னால் துணிப் பக்கம் நனைந்திருந்தால் ஒழுகல். தாளின்மேல்தான் நின்றது. ஒரு ராத்திரி தூங்கி எழுவதற்குள் ஒவ்வொருவர் மூச்சிலும் வேர்வையிலும் ஒரு டம்ளர் தண்ணீராவது வெளியே வரும், குளிர்ந்த துணியில் அது படியும். இரண்டு பக்க ஜன்னல் ஜிப்பையும் நாலு விரல் திறந்து வைத்துப் படுங்கள் என்றேன். அதோடு நின்றது. துணியின் கண்ணையெல்லாம் மெழுகால் அடைத்தால் இந்த ஈரம் இன்னும் கூடத்தான் செய்யும்.

மெழுகின்மேல் எனக்குக் கோபம் இல்லை. தோள்பைக்கும் மெஷின் உறைக்கும் நானே தேன்மெழுகு தேய்த்துத் தருகிறேன், பல வருடம் உழைக்கும். முன்பு கப்பல்காரர்கள் கித்தானில் தார் பூசினார்கள், தார்ப்பாய் என்கிற பெயரிலேயே அந்தத் தார் இருக்கிறது. பருத்தி வலை இருந்த காலத்தில் புளியங்கொட்டைத் தோலை வேகவைத்த சாற்றில் வலையை ஊறவைப்பார்கள், சீக்கிரம் மக்காது என்று பாட்டி சொல்லியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் உண்டு. தார் பூசிய துணியை யாரும் அடுப்புக்கு மேல் கட்டவில்லை, துவர் ஏற்றிய வலைக்குள் யாரும் படுக்கவில்லை.

ஒழுகினால் மெத்தை நனையும், காயவைத்துக்கொள்ளலாம். நான் பயப்படுவது நெருப்புக்கு.

என் கணவருக்குக் கூடாரத் தொழில் சொல்லிக்கொடுத்த உஸ்தாத், புதிதாக வருகிற ஒவ்வொரு பையனுக்கும் முதலில் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட்டுத்தான் கையில் ஊசியைக் கொடுப்பாராம். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் என்ற ஊர். 1944 ஜூலை 6, மதிய ஆட்டம், பெரிய சர்க்கஸ் கூடாரம். மழை இறங்காமல் இருக்க அதன் துணியில் பாரஃபின் மெழுகைப் பெட்ரோலில் கரைத்துப் பூசியிருந்தார்கள். ஆசிரியர் ஐயா, உங்கள் குறிப்பில் இருக்கிற அதே இரண்டு பொருள்தான். ஓரத்தில் பிடித்த தீ சில நிமிடங்களில் கூரை முழுக்க ஓடிவிட்டது. எரிகிற மெழுகு கீழே இருந்தவர்கள்மேல் சொட்டியது. 160 பேருக்கு மேல் இறந்தார்கள், நிறையப் பேர் குழந்தைகள். என் கணவர் கடைசிவரை கடைக்குள் தீக்குச்சி கிழிக்க விட்டதில்லை.

பெட்ரோல்தான் காய்ந்து போய்விடுமே, பிறகென்ன என்று சிலர் கேட்கலாம். காயும்போது கிளம்புகிற ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது. தரையோடு தவழ்ந்து, பக்கத்தில் எரிகிற அடுப்போ விளக்கோ இருந்தால் அதில் போய்ப் பற்றும். காய்ந்தபின் துணியில் என்ன மிஞ்சுகிறது? மெழுகு ஊறிய நூல். மெழுகுவத்தியின் திரியும் மெழுகு ஊறிய நூல்தான். அப்படி ஆயிரக்கணக்கான திரிகளைச் சேர்த்து நெய்த கூரைக்குள் இரண்டு பேர் படுத்திருக்க, அடியில் கேஸ் அடுப்பு எரிகிறது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சமையல் கேஸும் காற்றைவிடக் கனம். சிலிண்டர் கசிந்தால் வேனின் தரையில்தான் தேங்கும், மேலே கூரை ஜன்னல் திறந்திருந்தாலும் அந்த வழியாகப் போகாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில்பெட்டியில் கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்ததை நாம் எல்லோரும் படித்தோம். அந்தத் தம்பியிடமும் அவர் மனைவியிடமும் இதைச் சொல்லித்தான், கூரையைத் தூக்கி வைத்திருக்கும்போது சமையலை வண்டிக்கு வெளியே இறக்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். சிறிய மேசை ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள்.

மெழுகு வேண்டாம் என்றால் ஆளிவிதை எண்ணெய் பூசலாமா என்று இன்னொரு வாசகர் எழுதக்கூடும். அதைப் பூசித் துடைத்த கந்தலைச் சுருட்டி மூலையில் போட்டால், தீயே வைக்காமல் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். எங்கள் கடையில் அதற்கும் இடமில்லை.

அத்தோ வண்டிக்கு வருகிறேன். அவர் தவறாக ஒன்றும் கேட்கவில்லை. போன மழைக்கு மாவு, முட்டை, வெங்காயம் எல்லாம் நனைந்து மூன்று நாள் வியாபாரம் போயிற்று. மறுபடி அப்படி ஆகக் கூடாது என்று பார்க்கிறார். வண்டியைக் கடைக்கு முன்னால் நிறுத்தச் சொல்லி அளவு எடுத்தேன். அடுப்புக்கு நேர் மேலே இருந்த படுதாவை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தகரம் போட்டோம். நாலு பக்கமும் அடுப்பைவிட ஒன்றரை அடி அதிகமாக நிற்கிற தகரம். சரிவின் மேல்பக்கத்தில் கித்தான் தகரத்தின்மேல் ஏறி நிற்கிறது, கீழ்ப்பக்கத்தில் தகரம் கித்தான்மேல் ஏறி நிற்கிறது. மழை அதன் வழியில் வழிந்துவிடும். சாமான் வைக்கிற பக்கம் மட்டும் புதுக் கித்தான், தண்ணீரில் கரைத்த மருந்து இரண்டு பூச்சு. நீல பிளாஸ்டிக் படுதா மலிவாகக் கிடைக்குமே என்றார். அது தீப்பட்டால் உருகி எரிந்துகொண்டே சொட்டும், வேண்டாம் என்றேன். தகரத்துக்கும் தையலுக்கும் ஆன காசை மாதாமாதம் கொஞ்சமாகத் தருகிறேன் என்றார், சரி என்றேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. உங்கள் கட்டத்தைக் கத்தரித்து எடுத்து, பக்கத்து வண்டிக்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்று பர்சில் மடித்து வைத்திருந்தார். பஜ்ஜிக் கடைக்காரர் ஏற்கெனவே ஒரு தடவை வாங்கிப் படித்திருக்கிறார். அந்தத் துண்டை அத்தோ வண்டிப் பெண்ணிடமிருந்து வாங்கி என் மெஷின் டிராயரில் வைத்திருக்கிறேன். திருத்தம் பேப்பரில் வந்ததும் அதைக் கத்தரித்துப் பதிலுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். தினமும் சாயங்காலம் வண்டி போடும் முன் "வந்துச்சாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். ஐப்பசி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

இப்படிக்கு,
தார்ப்பாய் தைக்கும் வாசகி,
ராயபுரம், சென்னை – 13.